ராஜா செத்தால்தான் கொத்து

என் மனுசன் கிளிபோட் அந்த மாதம் முழுவதும் செத்துக்கொண்டே இருந்தார்.

காலையில் தேநீருக்கு முன் ஒரு சாவு. குளிர்பெட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் நெஞ்சைப் பொத்திக்கொண்டு சரிவார். நான் அவரைத் தாண்டிப் போய்ப் பாலை எடுப்பேன். மத்தியானம் குளியலறை வாசலில் ஒன்று. பின்னேரம் சோபாவில் கொஞ்சம் சொகுசாக ஒன்று. ஒருநாள் எங்கள் கட்டடத்து எலிவேற்றருக்குள் செத்துப் பார்த்திருக்கிறார். பதினோராம் மாடிப் பிலிப்பினோ அம்மா சிலுவை போட்டு, செபமாலையை எடுத்து, இவர் எழும்பித் தூசியைத் தட்டி “சொறி மேடம், நாடகப் பிராக்ரிஸ்” என்று சொல்வதற்குள் ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டி முடித்துவிட்டாவாம். அதற்குப் பிறகு அவ படிக்கட்டால்தான் ஏறி இறங்குகிறா. பதினோரு மாடி. ஆளும் நன்றாக மெலிந்துவிட்டா.

இவருக்கு எழுபத்திரண்டு வயதில் முதன்முதலாக ராஜா வேடம் கிடைத்திருந்தது. அதுவரை மேடையில் ஏறியதெல்லாம் ஈட்டியோடுதான். யேசுவின் பாடுகளின் நாடகம் என்றால் கடைசி வரிசைச் சேவகன். சரித்திர நாடகம் என்றால் வாசற்காவலன். சமூக நாடகம் என்றால் கதவைத் திறந்துவிட்டுப் போகிற ஆள். வசனம் எப்போதும் “ஆகட்டும் பிரபு”. அந்த இரண்டு சொல்லையும் அழுகையாக, மிரட்டலாக, காதலாக, காய்ச்சல்காரன் போல, முப்பது விதமாகச் சொல்வார். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

போன வருடம் மட்டும், ரொறொன்ரோவில் எங்கள் டோர்செட் பார்க் முதியோர் மன்றத்து விழாவில் இவருக்கு ஈட்டியில்லாமல் ஒரு கிழ மாலுமியின் சாவு கிடைத்தது. நாடகம் பாதி போய்க்கொண்டிருக்கையில், யாரோ ஒரு புண்ணியவான் பின்பக்கத்தில் புரியாணிப் பெட்டியைத் திறந்துவிட்டான். எங்கள் சனத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் கிழக்கே ரூஜ் தொடக்கம் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் வரை அதை மீறியவர் எவருமில்லை: சாப்பாடு வந்தால் விழா முடிந்தது. அதனால்தான் எங்கள் விழாக்களில் கடைசிப் பேச்சாளர் கடைசி மூச்சை விடும்வரை சாப்பாட்டைச் சிறைக்கைதி மாதிரி அடைத்து வைத்திருப்பார்கள். அன்றைக்குப் பெட்டி திறந்தது, மண்டபம் எழும்பியது. மாலுமி கண்ணை மூடுகையில் முன்னால் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நித்திரை. மற்றவர் ஒலிபெருக்கிக்காரர், வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கிளிபோட் இந்த நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏறுகிற அத்தனை சனமும் இறங்கிப் போவதைக் கண்ணாடியில் பார்த்தே காலத்தைக் கழித்த மனிதர். அன்றைக்கு வீடு திரும்புகையில் காரில் சொன்னார்:

“ஒருக்கா, பேபி. ஒரே ஒருக்கா ஒரு சனம் கடைசிவரைக்கும் இருந்து நான் சாகிறதைப் பாக்கவேணும்.”

“உண்மையாச் செத்தா எல்லாரும் வருவினமப்பா. செத்தவீட்டிலயும் சாப்பாடு இருக்கெல்லோ.”

அவர் கென்னடி ரோட் முழுவதும் என் பக்கம் திரும்பாமலே காரை ஓட்டினார்.

பேபி என்பது நான்தான். வயது எழுபத்தொன்று. ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்கமாட்டேன்.

இந்த வருட நாடகத்தை எழுதி இயக்க வந்தவள் மெலிசா. ஸ்ரௌவ்வில் றோஸ்மேரியின் மகள். இங்கேயே பிறந்து, ஒரு கல்லூரியில் நாடகம் படிப்பிக்கிறவள். தலைமயிரின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் இல்லவே இல்லை. தம்பியின் கத்தியால் குத்துப்பட்டுச் சாகிற ஒரு ராஜாவின் கதையை எழுதி, நாற்பது வரியில் ஒரு சாவு வசனமும் வைத்து, அதைக் கிளிபோட்டுக்குக் கொடுத்தாள். இவர் அந்தக் கடதாசியைத் திவ்விய நற்கருணை போல இரண்டு கையாலும் வாங்கினார். ஆனால் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அவள் சொன்ன மற்றச் செய்தியில்தான் மனுசனுக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது.

“அன்ரி, அங்கிள், லிசின். நானூறு வருசத்துக்கு முந்தி லண்டன்ல, முதலாம் எலிசபெத் ராணியின்ர ரைம்ல, சனம் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் நாடகம் பாத்தது. ஒரு பென்னி குடுத்தா உள்ளுக்கு விடுவினம். கதிரை இல்லை. மேடையைச் சுத்தி மூண்டு பக்கமும் நிக்கிறது. லைக், ஹேசல்நட் உடைப்பினம், அப்பிள் கடிப்பினம், இஞ்சி பிரெட், ஒயிஸ்ரர், போத்தல்ல ஏல். தட்டுக் கொண்டு ஆக்கள் சனத்துக்கு நடுவில வித்துத் திரிவினம். இப்ப அந்த இடத்தைத் தோண்டினா நிலமெல்லாம் நட் கோதும் சிப்பி ஓடும்! நாங்களும் அப்பிடியே செய்யப் போறம்!”

“ஏல் எண்டா என்ன பிள்ளை?” என்றார் கிளிபோட்.

“பியர் மாதிரி, அங்கிள்.”

மனுசனின் முகத்தில் ஒரு கணம் ஒரு தீபம் எரிந்தது. “நடிக்கிறவன் சரியில்லாட்டி?”

“எறிவினம்.”

“என்னத்தை?”

“கையில இருக்கிறதை.”

தீபம் அணைந்தது. “இஞ்ச பார் பிள்ளை. எறியிறது பறவாயில்லை. எறியிறவன் அங்கை நிண்டுதான் எறியவேணும். நீ சாப்பாட்டை முதலே குடுத்தா எறியிறதுக்கும் ஆள் இருக்காது. சனம் ஹைவே ஏறியிடும்.”

“நோ அங்கிள். சாப்பாடு இருந்தா சனம் நிக்கும். தற்ஸ் த போயின்ற்.”

“அவை லண்டன்காரர், பிள்ளை. இவை எங்கட ஆக்கள்.”

மெலிசா என் பக்கம் திரும்பினாள். “அன்ரி, கிச்சின் உங்கட பொறுப்பு. நீங்கள் என்ன சொல்றியள்?”

நான் கால் நூற்றாண்டாக விமானங்களுக்குச் சாப்பாடு கட்டிய சமையற்கூடத்தில் வேலை செய்தவள். குறைத்துச் சொன்னால் உலகத்தில் பாதிப் பேர் என் கையால் சாப்பிட்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட இடையில் எழும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில், இடுப்பில் பெல்ற் கட்டி, முன்னால் தட்டையும் விரித்து வைத்தால் எங்கே போவது? அந்த மமதையில் “ஓம் பிள்ளை, சோக்கான ஐடியா” என்று சொல்லிவிட்டேன். கிளிபோட் என்னைப் பார்த்தார். யூதாசைக்கூட அப்படி ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

மண்டபத்துப் பொறுப்பாளர் முதல் நாளே சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினார். நட்ஸ் கூடாது, யாருக்காவது ஒவ்வாமை வரும். மதுபானம் கூடாது. தரையில் கோது போட்டால் சுத்தம் செய்வது நாங்கள். எலிசபெத் ராணியின் காலம் அந்த இடத்திலேயே பாதி செத்துப்போனது. நட்ஸுக்குப் பதிலாகக் கொண்டைக்கடலை பொரித்தேன். ஏலுக்குப் பதிலாக இஞ்சிச் சோடா. மூடியைத் திறந்ததும் அது உஸ்ஸென்று சீறிய சீற்றத்தில் மெலிசா துள்ளினாள். அந்தக் காலத்து ஏல் போத்தலும் இப்படித்தான் சீறுமாம். சிப்பி அன்றைக்கு லண்டனில் ஏழைகளின் தீனியாம். இன்றைக்கு ரொறொன்ரோவில் அரை டசின் தின்பதற்கு வீட்டை இரண்டாம் முறை ஈடு வைக்கவேண்டும். ஆகவே மலிவுச் சிப்பியான மட்டியை வாங்கி, மிளகாயில் பிரட்டி, பல்லுக் குச்சியில் குத்தி வைத்தேன்.

இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற றோல்ஸையும் பட்டியலில் கண்டதும் மெலிசா கண்ணைச் சுருக்கினாள். “அன்ரி, எலிசபெத் ராணி றோல்ஸ் சாப்பிட்டாவோ?”

“கிடைச்சிருந்தா விட்டிருப்பாவோ?” என்றேன்.

அப்பிளுக்கு மட்டும் ஒரு தடையும் இல்லை. ஒக்ரோபர் மாதம், தோட்டங்களில் குவிந்து கிடந்தது. கூடை கூடையாக வாங்கினோம். தின்னவும், துரோகித் தம்பி மேடைக்கு வரும்போது எறியவும்.

கிளிபோட் கடைசி நாள் வரையில் பேரம் பேசிப் பார்த்தார். “பிள்ளை, ராஜா முதல் சீன்லயே செத்தா என்ன?”

“பிறகு கதை, அங்கிள்?”

“கதையைத் தம்பி பாத்துக்கொள்ளட்டும்.”

நடக்கவில்லை. சாப்பாட்டைப் பூட்டி வைக்கச் சொன்னார். நடக்கவில்லை. கதவைப் பூட்டலாமா என்று பொறுப்பாளரிடமே கேட்டார். தீயணைப்புச் சட்டம் விடாது என்று அவர் சொன்னார்.

அந்தக் காலத்து வழக்கப்படி நாடகம் சனிக்கிழமைப் பகல் இரண்டு மணிக்கு என்று அறிவித்தோம். எங்கள் வழக்கப்படி மூன்றரைக்குத் தொடங்கியது. மெலிசா கதிரைகளையெல்லாம் களஞ்சிய அறையில் போட்டுவிட்டு, மேடையைச் சுற்றி மூன்று பக்கமும் வெறுந்தரை விட்டிருந்தாள். வந்த சனம் தரையைப் பார்த்தது, ஆளை ஆள் பார்த்தது, மோப்பம் பிடித்துப் போய்க் களஞ்சிய அறையைக் கண்டுபிடித்தது. கண் மூடித் திறப்பதற்குள் எலிசபெத் காலத்து லண்டன் ஒரு கல்யாண மண்டபமாகிவிட்டது. இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். மெலிசா நூற்றைம்பது என்பாள். அவள் இயக்குநர், குறைத்துத்தான் சொல்வாள்.

முன்வரிசை நடுக்கதிரையில் றோஸ்மேரி, ஜக்கற்றைக் கழற்றாமல். ஸ்ரௌவ்வில்லுக்கு வீடு மாறிப் போன நாளிலிருந்து அவளை ஜக்கற் இல்லாமல் எந்த விழாவிலும் நான் கண்டதில்லை. எங்கே வந்தாலும் வந்தவுடனேயே போகத் தயாராக இருப்பாள். “தூரமெல்லோ!”

கொம்பு முழங்கியது. ராஜா வந்தார். சும்மா சொல்லக்கூடாது, கிரீடத்தை வைத்துக்கொண்டு அவர் நடந்த நடையில் நானே ஒரு கணம் எழும்பி நிற்கப் பார்த்தேன். கூடவே மெலிசாவின் மாணவர்கள் கழுத்தில் தட்டுகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு சனத்துக்குள் இறங்கினார்கள். “அப்பிள்! அப்பிள்! மட்டி! இஞ்சிச் சோடா!”

முதலில் ஒருவரும் தொடவில்லை. பிரதம விருந்தினர் யார், அவர் எடுத்துவிட்டாரா என்று பார்த்தார்கள். பிறகு றோஸ்மேரி ஒரு றோல்ஸை எடுத்தாள். அணை உடைந்தது. தட்டுகள் வெறுமையாகித் திரும்பி ஓடி வந்தன. நான் நிரப்ப நிரப்ப ஓடின.

சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு வாயும் அசையவில்லை. கடலை கைப்பைக்குள் போய்க்கொண்டிருந்தது. றோல்ஸ் கைதுடைக்கும் கடதாசியில் சுற்றப்பட்டுக்கொண்டிருந்தது. றோஸ்மேரி வீட்டிலிருந்து கொண்டுவந்த சிப் பூட்டுப் பைகளை விரித்து, மட்டிக்கு ஒன்று, கடலைக்கு ஒன்று என்று பிரித்துக் கட்டினாள். அப்பிள்களை ஒருவரும் கண்டுகொள்ளவேயில்லை என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் தட்டில் ஒன்றும் இல்லை, எல்லாருடைய சட்டைப்பைகளும் வீங்கியிருந்தன.

மெலிசா மேடையோரத்தில் நின்று கத்தினாள். “எல்லாரும் ப்ளீஸ், சாப்பிடுங்கோ! வில்லன் வந்தா எறியுங்கோ!”

“சாப்பாட்டை எறியிறதோ?” என்றாள் அவளைப் பெற்றவள். “பாவம் பிடிக்கும், பிள்ளை.”

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டது. முப்பது நாற்பது ஜக்கற்றுகளின் சிப் ஒரே நேரத்தில் மேலேறும் சத்தம். நான் அதைவிடப் பயங்கரமான ஒன்றை இந்த நாட்டில் கேட்டதில்லை. பனிப்புயல் பரவாயில்லை.

மேடையில் ராஜா நாட்டைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். சிப் சத்தம் கேட்டதும் அவருடைய கண் சனத்தின் பக்கம் போனது. பஸ்ஸின் கண்ணாடியில் பார்த்த அதே பார்வை. உடனே வசனத்துக்கு வேகம் பிடித்தது. கிழக்கே உள்ள ஊர்களை ஒரே மூச்சில் கொடுத்தார். மேற்கைக் கொடுக்கவேயில்லை. அமைச்சரின் வசனத்தையும் தானே சொல்லி, அதற்குத் தானே பதிலும் சொல்லி, திடீரென்று நெஞ்சைப் பொத்திக்கொண்டு “ஆ!” என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து தம்பியாக நடிக்கும் அருள்நாயகத்தின் பதறிய குரல் வந்தது. “அண்ணை! நான் இன்னும் வரேல்லை!”

ராஜா நெஞ்சிலிருந்து கையை எடுத்து, மீசையைத் தடவிச் சமாளித்தார். முன்வரிசையில் றோஸ்மேரி எழும்பிவிட்டாள். நான் வாசலை மறித்தேன்.

“எங்கை வெளிக்கிட்டாச்சு?”

“சாப்பாடு தந்திட்டியள்தானே, பேபி அக்கா. மிச்சத்தை மெலிசா வீடியோவில போடுவாள். ஸ்ரௌவ்வில் தூரமெல்லோ.”

“ஆர் சொன்னது சாப்பாடு முடிஞ்சுதெண்டு? உது சும்மா வாய் நனைக்க. கொத்து பிறகெல்லோ.”

“கொத்தோ?”

“ஆட்டிறைச்சிக் கொத்து ரொட்டி. சுடச்சுட. ராஜா செத்த பிறகு.”

மண்டபத்தில் அப்போது ஒரு முழம் ரொட்டிகூட இல்லை. இதைப் பொய் என்று சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். கொஞ்சம் முந்தி வந்துவிட்ட உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். றோஸ்மேரி திரும்பி இருந்தாள். பக்கத்துக் கதிரையின் காதில் குனிந்தாள். அந்தச் செய்தி மூன்று பக்கமும் ஓடிய வேகத்தை நான் எந்த இன்ரநெற்றிலும் கண்டதில்லை. ஏறிய சிப்பெல்லாம் இறங்கியது.

நான் சமையலறைக்குள் ஓடித் தொலைபேசியை எடுத்தேன். வீதிக்கு எதிர்ப்பக்கப் பிளாசாவில் பஸ்ரியனின் கொத்துக் கடை.

“பஸ்ரியன், நூற்றைம்பது பேருக்குக் கொத்து. மண்டபத்துக்கு வந்து போடவேணும்.”

“எப்பத்துக்கு அக்கா?”

“ராஜா சாகமுதல்.”

“எந்த ராஜா?”

“கிளிபோட்.”

“ஐயோ! அண்ணைக்கு என்ன நடந்தது?”

விளங்கப்படுத்த நேரமில்லை. “கெதியா வா” என்று மட்டும் சொன்னேன். மனுசன் பயந்து, ஏப்ரனோடு, ரொட்டிக் கட்டு, இறைச்சிக் குழம்பு, இரும்புத் தட்டு, ரொட்டி கொத்துகிற இரண்டு தகடு, வேலைக்கு நிற்கும் இருவர் என்று கடையையே தூக்கிக்கொண்டு வீதியைக் குறுக்கே கடந்து வந்தான். சிவப்பு விளக்குக்குக்கூட நிற்கவில்லை. தட்டுச் சூடாகியது. வெங்காயம் விழுந்தது. பிறகு அந்த இரண்டு தகடும் இறங்கின: டக்கடக்க டக்கடக்க டக்கடக்க.

அந்தச் சத்தமும் மணமும் மண்டபத்துக்குள் போனதும் சனம் முழுவதும் நிமிர்ந்தது. கிளிபோட் ஒன்றும் அறியாதவர். ஒரு கதிரையும் காலியாகவில்லை, எல்லாரும் தன்னையே வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார்கள் என்று கண்டதும் மனுசனின் குரல் கூரையைத் தொட்டது.

தூதுவன் ஓடிவந்து முழந்தாளில் நின்றான். “மன்னா! தங்கள் உயிருக்கு ஆபத்து!”

“சொல்லாதையடா!” என்று சனம் கத்தியது.

தூதுவன் திகைத்துப் போனான். அமைச்சர் முன்னால் வந்தார். “பிரபு, இன்று கவசம் அணிந்து செல்லுங்கள்.”

“வேண்டாமண்ணை, வெக்கையா இருக்கும்!” என்றது முன்வரிசை.

ராஜாவின் முகம் மெல்ல மாறியதைக் கண்டேன். அருள்நாயகம் கத்தியோடு வந்தார். வீட்டில் அவருக்கு ஒரு கிழமையாக நித்திரை இல்லை, அப்பிளால் எறிவார்கள் என்று. சனம் எழும்பி நின்று கைதட்டியது. விசில் பறந்தது. “குத்தண்ணை! யோசியாதேங்கோ!” அருள்நாயகத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கத்தியோடு மூன்று பக்கமும் திரும்பித் திரும்பி வணங்கினார். ராஜா முதுகைக் காட்டிக்கொண்டு குத்துக்காகக் காத்து நின்றார்.

குத்தும் விழுந்தது. மண்டபம் அதிர்ந்தது. ஆனால் ராஜா விழவில்லை. அவருக்கு நாற்பது வரி இருந்தது.

“கோட்டை எனதென்றேன்…” என்று தொடங்கினார்.

டக்கடக்க டக்கடக்க.

“கோட்டை எனதென்றேன்…”

“அண்ணை, கெதியாச் சாவுங்கோ! கொத்து ஆறப்போகுது!”

“குத்து ஆழமில்லையோ? இன்னொண்டு குடுங்கோ, அருள்நாயகமண்ணை!”

அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. சமையலறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். அவர் கேட்டபடி சனம் இருந்தது, ஒருவரும் போகவில்லை. ஆனால் அவருக்காக இருக்கவில்லை. கொத்துக்குக் குறுக்கே நிற்கும் ஒரு பூட்டிய படலைக் கதவு மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எத்தனையோ குறும்பு செய்தவள், ஒன்றுக்கும் வெட்கப்பட்டதில்லை. அந்த ஒரு கணம் மட்டும் என் ஏப்ரனுக்குள் ஒளிய இடம் தேடினேன்.

“கிளிபோட் அண்ணை, குறை நினைக்காதேங்கோ!” என்று றோஸ்மேரி எழும்பினாள். “எனக்குப் பார்க்கிங் ரிக்கற் விழப்போகுது!” சொன்ன வேகத்தில் கைப்பைக்குள் கையை விட்டு, ஒரு அப்பிளை எடுத்து எறிந்தாள். அது கிரீடத்தில் பட்டு, கிரீடம் ஒரு பக்கம் சரிந்து, அப்பிள் ராஜாவின் காலடியில் உருண்டு வந்து நின்றது.

“அம்மா!” மேடையோரத்தில் மெலிசா ஆனந்தக் கண்ணீரோடு துள்ளினாள். “யூ த்ரூ! ஓ மை கோட், எறிஞ்சிட்டியள்!”

கிளிபோட் குனிந்தார். முதுகில் கத்தி ஆடியது. அப்பிளை எடுத்தார். அங்கியில் துடைத்தார். கடித்தார். மென்றார். அவசரமேயில்லாமல், சனத்தைப் பார்த்தபடி, கடைசிக் கடி வரைக்கும் தின்றார். கொட்டைகளைத் துப்பினார். எந்த ராஜாவும் குத்துப்பட்ட பிறகு இவ்வளவு நன்றாகச் சாப்பிட்டிருக்க முடியாது. சனம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கிரீடத்தை நேராக்கினார்.

“இந்த மண்ணில் இன்னும் நானே அரசன்,” என்றார் முழங்கும் குரலில். பிறகு குரலை இறக்கி, பஸ்ஸில் சொல்கிற குரலில்: “பஸ்ரியன்! நிப்பாட்டடா அந்தத் தகட்டை!”

தகடு நின்றது.

“வடிவாக் கேளுங்கோ. நான் சாகாமல் ஒருத்தருக்கும் கொத்தில்லை. எனக்கு நாப்பது வரி கிடக்கு. இடையில ஆராவது வாயைத் திறந்தா முதலாம் வரியிலயிருந்து திருப்பித் தொடங்குவன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. நான் பென்சன்காரன்.”

மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்கள். ஊசி வேண்டாம், ஊசியில் நூல் கோத்தால் கேட்டிருக்கும்.

“கோட்டை எனதென்றேன், கதவு சிரித்தது.
குதிரை எனதென்றேன், பாதை சிரித்தது.
உற்றார் எனதென்றேன், நிழல்கூடச் சிரித்தது.
உடல் எனதென்றேன்…
கத்தி ஒன்றும் சொல்லவில்லை.”

குளிர்பெட்டிப் பக்கத்தில் இதை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு வரிக்கும் நின்று, அந்த வரியைக் கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அடுத்ததைச் சொன்னார். முதலில் சனம் கொத்துக்காகத்தான் சத்தமில்லாமல் இருந்தது. பத்தாம் வரி தாண்டி எங்கேயோ அது மாறியது. றோஸ்மேரியின் வாயில் ஒரு கடலை இருந்தது. கடித்தால் சத்தம் கேட்குமே என்று அதைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். பிறகு கன்னத்தில் இருப்பதையே மறந்துவிட்டாள். அவள் கண்ணிலிருந்து ஒரு துளி அந்த வீங்கிய கன்னத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. அருள்நாயகம் தான் குத்தியதை நினைத்து மேடையிலேயே விக்கி விக்கி அழுதார். அது நாடகத்தில் இல்லை.

நாற்பதாம் வரி முடிந்தது. ராஜா ஒரு முழந்தாளில் இறங்கினார், ஒரு கையை ஊன்றினார், ஏதோ ஞாபகம் வந்தவர் போலச் சனத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், சரிந்தார்.

ஒருவரும் எழும்பவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. அவ்வளவு நேரம் நீண்டது. அதற்குள் குழந்தைகள் வளர்ந்து கல்யாணம் கட்டியிருப்பார்கள்.

“பேபி அக்கா,” றோஸ்மேரி இரகசியமாகக் கூப்பிட்டாள். “ஒருக்காப் போய்ப் பாருங்கோ. மூச்சைக் காணேல்லை.”

எனக்கும் கொஞ்சம் திக்கென்றது. மேடையில் ஏறிக் குனிந்தேன்.

உதடு அசையாமல் கேட்டார். “எழும்பினவையோ?”

“ஒருத்தரும் எழும்பேல்லையப்பா.”

“ஸ்ரௌவ்வில்?”

“ஸ்ரௌவ்வில்லும் இருக்குது. அழுகுது.”

“அப்ப நான் இன்னும் கொஞ்சம் செத்துக் கிடக்கிறன். நீ போ.”

நான் கீழே இறங்கியதும்தான் கைதட்டல் வந்தது. அந்தச் சத்தம் பதினோராம் மாடி அம்மாவுக்குக்கூடக் கேட்டிருக்கும், அவ படிக்கட்டில் எங்கேயாவது நின்றிருந்தால்.

கொத்து வரிசையில் எல்லாரும் சாவைப் பற்றித்தான் கதைத்தார்கள். கத்தி இடப்பக்கம், விழுந்தது வலப்பக்கம், அது சரியா பிழையா என்று இரண்டு கட்சி. கிளிபோட் கிரீடத்தோடு வந்து நின்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் விலகி அவரை முன்னால் விட்டார்கள். தமிழ்ச் சனம் சாப்பாட்டு வரிசையில் ஒரு மனிதனை முன்னால் விட்டதை நான் என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கண்டேன்.

பஸ்ரியன் ஒரு தட்டை மலை போல நிரப்பிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டான்.

“அண்ணை, எனக்குச் சத்தம்தான் கேட்டது. உங்கட முகத்தைக் காணேல்லை. கத்தி ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொன்னியளே, அப்ப என்ன முகம் வச்சிருந்தனியள்?”

கிளிபோட் தன் தட்டைப் பார்த்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது. மனுசன் காலையிலிருந்து ஒரு அப்பிளைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. தட்டை என் கையில் தந்தார். அங்கியைச் சரிசெய்தார். சமையலறை வாசலில், குப்பைத் தொட்டிக்கும் சோடாப் பெட்டிகளுக்கும் நடுவில், நெஞ்சில் கையை வைத்தார்.

“கோட்டை எனதென்றேன்…”

பஸ்ரியன் தகடுகளைக் கீழே வைத்தான். வரிசை கலைந்தது. தட்டும் கையுமாகச் சனம் வந்து சுற்றி நின்றது. மெலிசா ஒரு கதிரைமேல் ஏறி நின்று வாயைப் பிளந்து பார்த்தாள். நான் அவருடைய கொத்தைச் சாப்பிடத் தொடங்கினேன். ஆறவிட்டால் பாவமெல்லோ.

ராஜா பாதி சரிந்து, ஒரு கையை ஊன்றி, கண் செருகிக்கொண்டிருந்தபோது, ஜக்கற்றைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நின்ற றோஸ்மேரி வாய் நிறையக் கொத்தோடு கையை உயர்த்தினாள்.

“கிளிபோட் அண்ணை, அந்தக் கதவு சிரிச்சதிலயிருந்து ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ. மெண்டுகொண்டு நிண்டதில கேக்கேல்லை.”

ராஜா எழும்பினார்.